தக்காளிக்கு எத்தனை கரண்டி உப்பு

சனிக்கிழமை. எட்டரை மணிக்கே வெயில் சமையலறைச் சுவரில் ஏறிவிட்டது. மாலை நேரச் சமையல் வகுப்பில் செவ்வாயன்று எழுதிக்கொண்ட குளிர்ந்த காய்க் கலவையை இன்று அக்காவுக்காகச் செய்தேன்.

அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில், விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் இயந்திரத்தின் முன்னால் நாள் முழுக்க நிற்கிறாள். வெயில் காலம் தொடங்கியதிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போன வாரம் வேலை நடுவே மயங்கி விழுந்தாள். இன்னொரு தடவை விழுந்தால் வரவே வேண்டாம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். சில்லென்று ஏதாவது கொடுத்தால் நாலு வாய் சாப்பிடுவாளோ என்று எனக்கு ஒரு நப்பாசை.

பழுத்த தக்காளி நான்கு, வெள்ளரிக்காய் ஒன்று, பாதிக் குடைமிளகாய், ஒரு சின்ன வெங்காயம். தக்காளித் துண்டுகளில் ஒரு சிறு கரண்டி உப்பைத் தூவிக் கால் மணி நேரம் வைக்க வேண்டும். அது விடும் சாற்றைக் கொட்டக் கூடாது. அதிலேயே எலுமிச்சை, எண்ணெய், மிளகுத்தூள் சேர்த்து மற்ற காய்களைப் புரட்டி, மூன்று மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும்.

ஒவ்வொரு படிக்கும் நோட்டில் டிக் போடுவேன். மறந்துவிடுவேனோ என்ற பயத்தில் சில நேரம் வேலையைச் செய்வதற்கு முன்பே போட்டுவிடுவதும் உண்டு. இன்று வெள்ளரிக்காயைத் தோல் சீவிவிட்டுத் திரும்பினால், உப்புக்கு எதிரே டிக் இருந்தது. உப்பைப் போட்டேனா, டிக்கை மட்டும் போட்டேனா? தக்காளி ஈரமாக இருந்தது. நறுக்கிய தக்காளி ஈரமாகத்தானே இருக்கும். ஒரு துண்டைத் தின்று பார்த்தேன். உப்பு இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று இன்னொரு கரண்டி தூவினேன்.

இரண்டரைக்கு அக்கா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தாள். ஃபிரிட்ஜிலிருந்து கிண்ணத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

“அக்கா, ஒரு வாய் சாப்பிடேன்.”

“வேணாம்டி. தண்ணி மட்டும் குடு.”

“ஒரே வாய். பிடிக்கலைன்னா அப்புறம் கேக்கவே மாட்டேன்.”

“நீ? கேக்காம இருப்பே?”

ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

“என்னடி இது, கடலைக் கொண்டுவந்து கொட்டிட்டியா?”

“உப்பு கரிக்குதா?”

“உங்க டீச்சர் இதைத் தின்னா உன்னைப் பெஞ்சு மேல ஏத்திடுவாங்க.”

கிண்ணத்தை எடுக்கக் கை நீட்டினேன். அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“இரு. இறங்குது.”

வெங்காயத்தை மட்டும் ஓரமாக ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் தின்றாள். கடைசியில் கிண்ணத்தைத் தூக்கிச் சாற்றையும் குடித்தாள்.

“காலைலேருந்து வேர்த்து ஊத்தின உடம்பு. இதைத்தான் கேட்டுச்சு போல. நாளைக்கு டப்பால போட்டுக் குடுடி. இதே மாதிரி இருக்கணும், குறைச்சிடாதே. எவ்வளவு உப்பு போட்டே?”

“எழுதி வெச்சிருக்கேன்” என்றேன்.

நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். செருப்பைக் கழற்றி வைத்தேன்.

நோட்டில் ஒரே ஒரு டிக்தான் இருக்கிறது. காலையில் தூவியது ஒரு கரண்டியா இரண்டா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. கிண்ணத்தின் அடியில் மிஞ்சியிருந்த துளியை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டேன். காலையிலிருந்து நின்றதில் எனக்கும் கால் வலித்தது. கூடையிலிருந்து இன்னொரு தக்காளியை எடுத்து நறுக்கி, அதே கரிப்பு வரும்வரை கூட்டிப் பார்க்கலாம் என்று கால் கரண்டி உப்பிலிருந்து ஆரம்பித்தேன்.