எண் பொருத்தம்

எங்கள் டெட்ராய்ட் பக்கத்தில் பழைய கார்களுக்கும் பொருத்தம் பார்ப்போம். எஞ்சினில் குத்திய எண்ணும் உடம்பில் குத்திய எண்ணும் ஒத்துப்போனால் அது பிறந்தபடியே இருக்கும் உத்தமி. இல்லையென்றால் பக்கத்தில் நின்று படம்கூட எடுத்துக்கொள்ள மாட்டோம்.

வெர்னன் ஹஸ்கா ஓய்வுபெற்ற பல் டாக்டர். தன்னுடைய எழுபதாம் வருஷத்து செவெல் கார் உத்தமிகளுக்கெல்லாம் உத்தமி என்று சொல்லிச் சொல்லியே எங்கள் பழைய கார் கிளப்புக்குப் பல்வலி வரவழைத்தவர். ஆனால் அதை ஓட்டமாட்டார். மழை படும், கல் தெறிக்கும் என்று டிரெய்லரில் ஏற்றி, போர்வை போர்த்திக் கொண்டுவருவார்.

அடுத்த வாரம் அவர் மகள் கெய்ட்லினுக்குக் கல்யாணம். சர்ச்சுக்கு அந்தக் காரில்தான் போகவேண்டும் என்று அவளுக்கு ஆசை.

"அது மண்ரோடும்மா" என்றார் வெர்னன்.

"அப்ப அந்தக் காருக்கே கல்யாணம் பண்ணி வைங்க" என்றாள் அவள். அதற்குப்பிறகு அப்பாவோடு பேச்சு இல்லை.

வுட்வர்ட் சாலையில் ஆகஸ்ட் மாதக் கார்த் திருவிழா. செவெலுக்குப் பக்கத்தில் வெர்னனின் மச்சான் கோர்டி தன் பழைய ஜிடிஓ காரை நிறுத்தியிருந்தான். சேகரிப்பவர்களுக்கு எது உசத்தி என்று வழக்கமான சண்டை ஆரம்பித்தது.

"என் எஞ்சின் உன்னோடதை இழுத்துட்டுப் போகும்" என்றார் வெர்னன்.

"இந்த முரட்டு எஞ்சின் கார் வம்சத்தையே ஆரம்பிச்சது ஜிடிஓதான் மச்சான். சரி, நம்பரைக் காட்டுவோமா?"

கோர்டியின் எண்கள் பொருந்தின. வெர்னன் இதுவரை குனிந்து பார்த்ததேயில்லை. விற்றவன் சத்தியம் செய்தான்; உத்தமியைச் சந்தேகப்படுவதே பாவம் என்று விட்டுவிட்டார். இப்போது பல் பார்க்கும் பழைய குச்சிக் கண்ணாடியைக் கெத்தாக எடுத்து, எஞ்சின் எண் ஒளிந்திருக்கும் ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் விட்டார். நான் டார்ச் பிடித்தேன். சொத்தைப் பல்லைக் கண்டவர்போல வெகுநேரம் பார்த்தார்.

"இது வேற வண்டியோட எஞ்சின்."

சாவு வீட்டுக்கு வந்தவன்போல கோர்டி அவர் தோளைத் தொட்டான். "மனசைத் தேத்திக்க மச்சான்."

வெர்னன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப இது மழையில நனைஞ்சா?" என்றார்.

"இனிமே நனைஞ்சா என்ன, காஞ்சா என்ன" என்றேன்.

"மண்ரோட்ல போனா?"

"வயல்லயே விடுங்க டாக்டரே."

எப்போதும் காதுவரை ஏறியிருந்த அவர் தோள்கள் இறங்கியதை அன்றுதான் பார்த்தேன். மனைவியை போனில் கூப்பிட்டார். "ஃபிலிஸ், அவகிட்ட போனைக் குடு. குடுடி... கெய்ட்லின், சர்ச்சுக்கு செவெல்லயே போலாம்மா."

"யாரு செத்துப்போனாங்க?" என்றாள் அவள், பயந்துபோய்.

"யாரும் போகலை. நம்ம வண்டி போலின்னு தெரிஞ்சுபோச்சு."

அந்தப் பக்கம் சிரிப்பா அழுகையா தெரியவில்லை. வெர்னனும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீயும் ஜிடிஓல வாடா மச்சான்" என்றார்.

"ஐயோ, என்னுது ஒரிஜினல்" என்று கோர்டி மேகத்தை அண்ணாந்து பார்த்துப் போர்வையைத் தேடினான்.

வெர்னன் ஹாட்டாக் ஒன்றை வாங்கிக்கொண்டு செவெலுக்குள் ஏறினார். முதல் கடியிலேயே சீட்டில் கடுகு சாஸ் ஒழுகியது. கட்டைவிரலால் தேய்த்துவிட்டு எஞ்சினைக் கிளப்பினார்.