முந்திக் கொடுத்த மருந்து

"அப்பாவுக்குக் குடுத்த மாத்திரை அட்டையை எடுங்க மாமா."

கடையில் நின்றிருந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மருந்துக் கடை மாமாவுடையது. அவர் அம்மாவின் அண்ணன். தெருவே அவரை 'அரை டாக்டர்' என்றுதான் கூப்பிடும். மாத்திரைகளைப் பிதுக்கி, பெயர் தெரியாமல் காகிதத்தில் மடித்துத் தருவார். விழுங்க வேண்டியதுதான். அட்டையைக் கேட்பது அண்ணனை அவமானப்படுத்துவது என்பாள் அம்மா.

"பட்டதாரியம்மா வந்துட்டாங்க, கடைச் சாவியக் குடுத்துட வேண்டியதுதான்" என்றார் மாமா. அந்த இரண்டு பேரும் சிரித்தபடி கிளம்பினார்கள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பி.ஃபார்ம் படித்தேன். கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டவர் இதே மாமாதான்.

அப்பா ஆக்ஸிஜனில் கிடக்கிறார். வைரஸ் காய்ச்சல் நுரையீரலுக்கு இறங்கிவிட்டது. சர்க்கரை வியாதியே இல்லாதவருக்குச் சர்க்கரை தாறுமாறாக ஏறியிருக்கிறது. "முன்னாடியே ஸ்டீராய்டு சாப்பிட்டாரா? எது, எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான் அடுத்தது முடிவு பண்ண முடியும்" என்று டாக்டரம்மா கேட்டார். அம்மா இல்லையென்று தலையாட்டினாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

மாமா இழுப்பறையைத் திறந்து அட்டையை மேசைமேல் தட்டினார். "ஸ்டீராய்டுதான். காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு. காய்ச்சல் வந்த அன்னிக்கே ஆரம்பிச்சேன். மறுநாளே மாப்பிள்ளை ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டாரு, தெரியுமா? ஆஸ்பத்திரியில மட்டும் வேற என்னத்த ஏத்தப் போறாங்க? நான் முந்திக்கிட்டேன், அவ்வளவுதான்."

"முந்தினதுதான் தப்பு மாமா. ஆக்ஸிஜன் குறைஞ்சு, உடம்பு தன்னைத்தானே புண்ணாக்கிக்கிறப்ப அதை அடக்கத்தான் அந்த மருந்து. ஆரம்பத்துல உடம்பு கிருமியோட சண்டை போடுது. நீங்க உடம்போட கையைக் கட்டிட்டீங்க. காய்ச்சல் அடங்கிச்சு, பசி எடுத்துச்சு, ஜெயிச்சிட்டதா நெனச்சிட்டீங்க."

"உங்கம்மாவுக்குத் தெரிஞ்சுதான் குடுத்தேன்."

என் பின்னாலேயே வந்திருந்த அம்மா கடைப்படியில் நின்றிருந்தாள். வேறு ஊரில் வேலை பார்க்கும் நான் தினமும் போனில் சொல்லியிருந்தேன்: பாராசிட்டமால் போதும், விரலில் கருவியை மாட்டி ஆக்ஸிஜன் பாருங்கள், குறைந்தால் உடனே ஆஸ்பத்திரி. "நீ சொன்னபடிதான்டி குடுக்குறோம்" என்று தினமும் சொன்னவள் இவள்தான்.

"ஏம்மா?"

"நீ கத்துவேன்னு அண்ணன்தான் அப்படிச் சொல்லச் சொன்னாரு. அங்க போய் எதையும் வாய விட்டுடாதடி. கடையை இழுத்து மூடிடுவாங்க."

"அப்ப என்னைப் படிக்க வச்சது எதுக்கு, தெருவுல பெருமை பேசவா?"

"பெத்தவளப் பொய்க்காரி ஆக்கப் போறியா?"

"ஆக்கினது நான் இல்ல."

டாக்டரம்மாவிடம் மருந்தின் பெயரோடு கடையின் பெயரையும் சொல்வதென்று, அம்மா வாயைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்திருந்தேன்.

"படியைத் தாண்டினா இனிமே மாமான்னு கூப்பிடாத" என்றார் அவர்.

அம்மா நகரவில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு, தோளை ஒதுக்கி அவளைக் கடந்து தெருவில் இறங்கினேன்.