அழைப்பின் நடுவே பூட்டிய திரை

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் பதினோரு வருஷமாக ஒரே நாற்காலியில் இருக்கும் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிட மூத்த மேலாளர் உட்பட. ஒருவன் மட்டும் மேடம் என்பான். அவன் அவளுடைய சொந்தத் தம்பி. மேல்மாடியில் கணினிப் பாதுகாப்பு அதிகாரி. வீட்டில் அக்கா, ஆபீஸில் மேடம். கீழே இருந்தவர்கள் அவனுக்கு வைத்த பெயர் பூட்டு.

புது ஆபரேட்டிங் சிஸ்டம் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினாறு எழுத்தில் பாஸ்வேர்ட். வரைபடத்தைத் திறந்தால் 'அனுமதிக்கிறீர்களா?' என்று ஒரு கட்டம் குதிக்கும்; சரி என்றால் 'நிச்சயமாகவா?' என்று இன்னொன்று. இரண்டு நிமிஷம் விசைப்பலகையைத் தொடாவிட்டால் திரை பூட்டிக்கொள்ளும். திறப்பதற்கான எண் செல்போனுக்கு வரும். செல்போனை அறைக்குள் கொண்டுவரக் கூடாது, வெளியே அலமாரியில்தான் வைக்க வேண்டும். மேஜையில் பேனா, பேப்பர்கூட ஆகாதாம், யாராவது எதையாவது எழுதிக்கொண்டு போய்விடுவார்களாம்.

மூன்று முறை எழுத்தில் புகார் கொடுத்தாள். மூன்று முறையும் 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று ஒரே பதில்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஓர் அப்பாவின் அழைப்பு வந்தது. நாலு வயசு மகள் எதையோ விழுங்கிவிட்டாள், மூச்சு வரவில்லை. மனிதர் அழுகிறாரே ஒழிய விலாசம் சொல்லவில்லை. அதட்டிக் கேட்டு, தெருவையும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நீலக் கதவு என்பதையும் வாங்கித் தட்டினாள். வீட்டு எண் இல்லாமல் அனுப்ப முடியாது என்றது திரை. அதற்குள் அந்தப் பக்கம் அலறல்: "நீலம் பாரிக்குதுங்க, பிள்ளை நீலம் பாரிக்குது!"

"அழாதீங்க, நான் சொல்றதைச் செய்யுங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வைங்க. பிள்ளையை மடியில குப்புறச் சாய்ங்க. தோள்பட்டைக்கு நடுவுல உள்ளங்கையால ஓங்கித் தட்டுங்க. பயப்படாம தட்டுங்க. ஒண்ணு... ரெண்டு..."

எண்ணிக்கொண்டே இருந்தாள். கை மேஜை விளிம்பை இறுக்கியிருந்தது. விசைப்பலகையில் விரல் படவில்லை. திரை இருண்டது.

போன் தனி இணைப்பு என்பதால் குரல் மட்டும் அறுபடவில்லை. தட்டி வைத்த விலாசம் போயே போய்விட்டது. செல்போனை எடுக்க அலமாரிக்கு ஓடினால் அந்த அப்பாவை யார் பிடித்துக்கொள்வது? பக்கத்து நாற்காலிக்காரி வேறோர் அழைப்பில் இருந்தாள். அவள் அதை முடிக்கும்வரை காத்திருந்து, ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு, அறை அதிரக் கத்தினாள், தெருவின் பெயர், தண்ணீர்த் தொட்டி, நீலக் கதவு எல்லாவற்றையும். பக்கத்து நாற்காலிக்காரி ஓட்டுநரை நேரே போனில் கூப்பிட்டுச் சொல்லி வண்டி கிளம்பியபோது நாலு நிமிஷம் வீணாகியிருந்தது.

வண்டி போய்ச் சேருமுன்பே பிள்ளையின் வாயிலிருந்து ஒரு சட்டைப் பொத்தான் வந்து விழுந்தது. பிறகு அழுகை. அந்த அழுகையைக் கேட்டபின்தான் அவள் நாற்காலியில் சாய்ந்தாள்.

மறுநாள் மேஜைக்கு ஒரு மெமோ வந்தது. அழைத்தவரின் விலாசத்தைப் பிறர் காதில் விழும்படி உரக்கச் சொன்னது தகவல் பாதுகாப்பு விதிக்கு முரணானது, விளக்கம் தேவை. கீழே தம்பியின் கையெழுத்து.

இரண்டிரண்டு படியாகத் தாண்டி மேல்மாடிக்கு ஏறினாள்.

"மேடம், உட்காருங்க..."

"மேடமா? செருப்பால அடிப்பேன். கதவைச் சாத்துடா."

சாத்தினான்.

"ஒரு பிள்ளை செத்துக்கிட்டிருந்துச்சு. நான் பேசிக்கிட்டிருந்தேன். உன் மெஷினுக்கு நான் நாற்காலியில இல்லைன்னு தோணிச்சாம். எங்க வேலையே பேசுறதுதான்டா! என்னைக்காவது கீழ வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கியா?"

"போன வருஷம் வைரஸ் வந்து ரெண்டு நாள் மையமே படுத்துச்சே, அது மறந்துபோச்சா? எத்தனை பேருக்கு வண்டி போகலை!"

"அதுக்கு?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "அந்த வைரஸ் வந்த மெயிலைத் திறந்தது நீதான் அக்கா. உன் மெஷின்லேர்ந்துதான் பரவுச்சு. யாருன்னு தெரியலைன்னு ரிப்போர்ட் எழுதினேன். அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்லை. இன்னொரு தடவை நடந்தா உன்னை எப்படிக் காப்பாத்துறதுன்னுதான் இவ்வளவு பூட்டும்."

அந்த இரண்டு நாளும் அவள்தான் நோட்டுப் புத்தகத்தில் விலாசம் எழுதி, ஓட்டுநர்களுக்குத் தெருத்தெருவாக வழி சொல்லி அனுப்பியவள். காரணம் தன் கைதான் என்று தெரியாமலே செய்திருக்கிறாள். ஆனால் கோபம் தணியவில்லை, இன்னும் ஏறியது.

"தப்பு பண்ணது நான். என்கிட்ட சொல்லியிருந்தா கத்துக்கிட்டிருப்பேன். சொல்லாம மூடி வச்சிட்டு, எங்க எல்லார் கையையும் கட்டிப் போட்டிருக்க. இதுக்குப் பேரு காப்பாத்துறதா?"

"அக்கா, மெதுவா..."

"மெதுவா பேச மாட்டேன். இப்பவே கீழ வா."

வந்தான். அவள் நாற்காலியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். மூன்றாவது அழைப்பில் ஒரு முதியவர், நெஞ்சுவலி என்று சொல்லிவிட்டு மூச்சுவாங்கியபடி பேச்சை இழுத்தார். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். திரை பூட்டிக்கொண்டது. கை தன்னையறியாமல் சட்டைப்பைக்குப் போனது. செல்போன் வெளியே இருந்தது. அவன் காது சிவந்ததை அறையே பார்த்தது. அக்கா குனிந்து, பக்கத்துத் திரையில் அந்தப் பெரியவருக்கு வண்டி அனுப்பினாள்.

அன்று மாலையே அழைப்பு ஓடும் நேரத்தில் திரை பூட்டாதபடி மாற்றினான். திரையைத் திறக்கும் எண்ணைக் காலையில் ஒருமுறை கேட்டால் போதும் என்றும் ஆக்கினான்.

மெமோவைத் திரும்ப வாங்க முடியாது, மேலிடத்துக்குப் போய்விட்டது. விளக்கத்தை அவளே எழுதினாள். விலாசத்தைக் கத்தியது உண்மை, மறுபடி நேர்ந்தால் மறுபடியும் கத்துவேன் என்று எழுதினாள். போன வருஷத்து மெயிலைத் திறந்ததும் தான்தான் என்று அடுத்த வரியில் சேர்த்தாள்.

"அதை எழுதாத அக்கா. எனக்கும் சேர்த்து ஆப்பு வைப்பாங்க."

"வைக்கட்டும். பொய் ரிப்போர்ட் எழுதினவன் நீ."

விசாரணை நடந்தது. அவளை இரண்டு மாதம் அழைப்பெடுப்பதிலிருந்து விலக்கினார்கள். தம்பிக்குக் கண்டனக் கடிதம் வந்தது. புது விதிகளைக் கீழ்மாடிக்காரர்களைக் கேட்காமல் போடக் கூடாது என்றும் உத்தரவாயிற்று.

தம்பி மூன்று வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் எதிரே வந்து உட்கார்ந்து, அடுத்த மாதம் வரப்போகும் மாற்றங்களின் பட்டியலை நீட்டினான்.

"படிச்சுப் பாரு அக்கா."

ஆபீஸில் எல்லோர் முன்னாலும் அவன் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. அவள் முகம் இளகவில்லை. இடது கையால் பட்டியலை இழுத்து, முதல் வரியிலேயே விரலை வைத்தாள்.

"இது என்ன கண்றாவி?" என்றாள்.