சுருட்டி வந்த புல்

விடிகாலையில் பால் பாக்கெட்டை எடுக்க இறங்கிய ஹில்டா, செருப்பில்லாமல் புல்தரையில் நடந்துவிட்டாள். உள்ளங்கால் நனைந்தது. பனி என்றுதான் முதலில் நினைத்தாள். ஏப்ரலில் ஏது பனி? குனிந்து தொட்டுப் பார்த்தாள். வேர்வரை ஈரம். கிணற்றடியில் பூவாளி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

தொண்ணூற்று மூன்றாம் வருடம் அது. முந்தைய மழைக்காலம் ஏமாற்றியதில் சேலையூரில் அந்தத் தெருவின் கிணறுகளெல்லாம் வற்றிப்போயிருந்தன. இவர்கள் கிணற்றில் மட்டும் கொஞ்சம் ஊறியது. எதிர்ச்சாரிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் குடங்களோடு வந்து பிடித்துப் போவார்கள். பத்து நாளைக்கு முன் அவள் கணவர் அசரியா, மோட்டார் கெட்டுவிட்டது என்று அவர்களைத் திருப்பி அனுப்பி, கேட்டைப் பூட்டினார். வீட்டுக்கு இரண்டு வாளி சேந்தலாம், அதற்கு மேல் இழுத்தால் சேறுதான் வரும் என்று ஹில்டாவிடமும் சொன்னார். அவள் நம்பினாள்.

உடனே கோபம் வரவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும். அசரியாவின் அப்பா சுவிசேஷமுத்து, தாம்பரம் ரயில்வே காலனியில் ஓர் அதிகாரியின் பங்களாவில் தோட்டக்காரராக இருந்தவர். எட்டு வயதில் அசரியா ஒருநாள் அந்தப் புல்லில் உருண்டு விளையாட, அதிகாரியின் மனைவி பார்த்துக்கொண்டிருந்த ஒரே காரணத்துக்காக அப்பா அவரை பெல்ட்டால் அடித்தார். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை இதைச் சொல்லியிருக்கிறார். ஹெட் கிளார்க் ஆகி இந்த வீட்டைக் கட்டியபோது, காம்பவுண்டு சுவர் எழும்பும் முன்பே புல் வந்தது. படப்பையிலிருந்து சாக்கில் கட்டிக் கொண்டுவந்து, ஒவ்வொரு கொத்தாக அவரே நட்டார். மே மாதம் மகள் சௌந்தரியின் கல்யாண வரவேற்பை அதில்தான் வைப்பது என்று எப்போதோ முடிவு செய்திருந்தார்.

காபி கொடுக்கும்போது சொன்னாள். "புல்லு நனைஞ்சிருக்கே."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னும் மூணு வாரம்தான் ஹில்டா. ரிசப்ஷன் முடியட்டும். அப்புறம் காஞ்சா காயட்டும்."

"கங்கையம்மாள் மருமகளுக்கு எட்டாம் மாசம். நேத்து அவங்க ரெண்டு பேரும் கேம்ப் ரோடு வரைக்கும் குடத்தைத் தூக்கிட்டுப் போனாங்க."

"எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதானே பூட்டினீங்க?"

ஆணியில் தொங்கிய கேட் சாவியை எடுத்துக்கொண்டு ஹில்டா வெளியே போனாள்.

முதலில் வந்தவள் கங்கையம்மாள்தான். இந்த மனையே ஒரு காலத்தில் அவர்கள் வீட்டு வேர்க்கடலைக் கொல்லை.

"மோட்டாரு ரெடியாயிடிச்சாம்மா?"

ஹில்டாவுக்குப் பொய் வரவில்லை. "கெட்டே போகலைங்க."

கங்கையம்மாள் புல்லைப் பார்த்தாள். சுற்றிலும் தெருவே மண் நிறமாக இருக்க, அது மட்டும் பச்சையாக இருந்தது. குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டாள்.

"சார் பொண்ணு கண்ணாலம் கீதே. அவருக்கும் ஒரு ஆசை இருக்கும்ல. வுடும்மா."

ஜன்னலுக்கு உள்ளே நின்றிருந்த அசரியா இதைக் கேட்டார். கங்கையம்மாள் திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். அன்றிலிருந்து அவர் பூவாளியைத் தொடவில்லை. ஒரே வாரத்தில் புல் ஓரங்களில் பழுத்தது. அடுத்த வாரம் காக்கியானது. ஆபீஸ் விட்டு வந்ததும் டிபன் டப்பாவைக்கூட உள்ளே வைக்காமல் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பார். ஹில்டா கூப்பிடமாட்டாள்.

சர்ச் கொயரில் அவரோடு பாடும் சாலமோன், பொருட்காட்சிகளுக்கு அரங்கம் அலங்கரிப்பவர். வரவேற்புக்கு நான்கு நாள் இருக்கும்போது மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றில் பெரிய சுருள்கள் நான்கோடு வந்து இறங்கினார். பிளாஸ்டிக் புல்.

"விரிச்சா விரிச்சதுதான் பிரதர். தண்ணியும் வேணாம், வெட்டவும் வேணாம். நீங்களே வச்சுக்குங்க."

காய்ந்த புல்லைக் கொத்தி எடுக்க ஆள் அனுப்புவதாக அவர் சொன்னதற்கு அசரியா ஒப்பவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே மண்வெட்டி பிடித்தார். வேர்கள் மண்ணை விடாமல் கட்டிகட்டியாக வந்தன. ஒவ்வொன்றையும் உதறி, சுவரோரம் குவித்தார். சுருளை விரித்தபோது புது பக்கெட்டின் வாசனை அடித்தது. பச்சை கொஞ்சம் அதிகமாகவே பச்சை. ஒரு மூலை திரும்பத் திரும்பச் சுருண்டது. ஹில்டா போய் அந்த மூலையின் மேல் உட்கார்ந்துகொண்டாள். அவர் ஆணி அடித்து முடிக்கிறவரை எழுந்திருக்கவில்லை.

வரவேற்பு நன்றாகவே நடந்தது. விளக்கு வெளிச்சத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. "எந்த நர்சரி சார்?" என்று மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் கேட்டார். "சாலமோன் நர்சரி" என்றார் அசரியா. ஹில்டா சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் பெண்கள் கிணற்றை இறைத்துத் தீர்த்திருந்தார்கள். இனிக் காலையில்தான் ஊறும். கடைசிக் குடத்தோடு போன கங்கையம்மாளுக்கு விரிப்பின் மேல் கால் வழுக்கியது. தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். குடம் உருண்டு, தண்ணீர் முழுவதும் கொட்டியது.

"ஐயோ, சார் பில்லு!" என்று முந்தானையால் துடைக்கக் குனிந்தாள்.

அசரியா செய்தித்தாளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "அதை விடுங்கம்மா. அடி ஏதாச்சும் பட்டுச்சா?"

"எனக்கு இன்னா சார். தண்ணிதான் போச்சி."

அவர் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இரவுச் சமையலுக்கென்று ஹில்டா பிடித்து வைத்திருந்த அண்டாவைச் சாய்த்தார். ஹில்டா மறுபக்கம் பிடித்துக்கொண்டாள். அடியில் ஒரு சொம்பு அளவுக்கு மிஞ்சியது.

நிறைந்த குடத்தோடு கங்கையம்மாள் தெருவைக் கடக்கும்வரை அவர் கேட்டருகே நின்றார். கொட்டிய தண்ணீர் கீழே இறங்க இடம் தெரியாமல் பிளாஸ்டிக் இழைகளுக்கிடையே முத்துமுத்தாக நின்றது. பிறகு மெல்லச் சேர்ந்து, அவர் காலைச் சுற்றிக்கொண்டு, கேட்டுக்கு அடியில் புகுந்து வெளியே போனது. தெருப் புழுதி அதைச் சத்தமில்லாமல் குடித்துக்கொண்டிருந்தது.