தடித்த கோடு

நிலநடுக்க ஆய்வு மையத்தின் வரவேற்பறைத் திரையில் ஓடும் பச்சைக் கோட்டை அக்கா காலையிலிருந்து முறைத்துக்கொண்டிருந்தாள். பூமி எங்கும் குலுங்கவில்லை. ஆனாலும் கோடு கம்பளிப்பூச்சி மாதிரி தடித்துக் கிடந்தது. புயற்காற்று நடுக்கடலை அடிக்க, அலையோடு அலை மோத, அந்த அடி கடலடித் தரையில் இறங்கிப் பாறை வழியாக இந்தக் கட்டடத்தின் அஸ்திவாரம் வரை வரும். காதுக்கு எட்டாத நடுக்கம். இங்கே கருவி பழுதுபார்க்கும் தம்பிதான் இதை ஒருமுறை பெருமைக்குச் சொல்லிவைத்தான். இப்போது அத்தான் மீன்பிடிப் படகோடு அந்தப் புயலுக்குள் இருக்கிறார். படகின் ரேடியோ நேற்றே ஊமையாகிவிட்டது.

"டேய், கொஞ்சம் மெலிஞ்ச மாதிரி இல்ல?"

"இல்லக்கா."

"வாயத் திறந்தா நல்லதே வராதாடா உனக்கு?"

அப்போது இயக்குநர் வந்தார். பூமி சுற்றுவதற்குத் தாம்தான் அனுமதி கொடுத்திருப்பது போன்ற நடை. திரையைப் பார்த்ததும் முகம் சுளித்து, தம்பியை உள்ளறை வாசலுக்குத் தனியே தள்ளிக்கொண்டு போனார்.

"விருந்தாளிங்க வர்ற நேரத்துல என்னய்யா இந்தக் கண்றாவி? இரைச்சல வடிகட்டிட்டுக் காட்டு."

"அது இரைச்சல் இல்ல சார், கடல்."

"நாம என்ன மீன் மார்க்கெட்டா நடத்துறோம்? எடுய்யா."

தம்பி உள்ளறைக்குப் போய், வரவேற்பறைத் திரைக்கு மட்டும் வடிகட்டியைப் போட்டான். அங்கே கோடு இழுத்துக் கட்டிய கொடிக்கயிறாக நேரானது. உள்ளறைத் திரையில் கம்பளிப்பூச்சி இன்னும் பெருத்துக்கொண்டிருந்தது.

அவன் வெளியே வந்தபோது இயக்குநர் விருந்தினர்கள் முன் கைகளை விரித்திருந்தார். "கடலும் காற்றும் நிலமும் சேர்ந்து பாடும் மகத்தான சங்கீதத்தை நாங்கள் இரவுபகலாகச் செவிமடுக்கிறோம்!" அந்தச் சங்கீதத்தைத்தான் சற்றுமுன் நிறுத்தச் சொல்லியிருந்தார். விருந்தினர்கள் கைதட்டினார்கள்.

எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவள் அக்கா. கன்னமெல்லாம் கண்ணீர்.

"பாருங்கள், பொதுமக்களே உருகுகிறார்கள்" என்றார் இயக்குநர்.

அக்கா அதற்குள் வீட்டிலிருக்கும் மகளுக்குப் போன் போட்டிருந்தாள். "கோடு மெலிஞ்சிடுச்சுடி! கடல் அடங்கிடுச்சு. அப்பா வந்துருவாரு. அழாம சின்னவனுக்குச் சோறு போடு."

"அக்கா..."

"நீ வாயத் திறக்காத. நல்ல நேரத்துல ஏதாவது சொல்லித் தொலைப்ப."

அவள் திரையருகே போய், அந்த மெல்லிய கோட்டின் மேல் விரலை வைத்தாள். அது ஓட ஓட, தூங்கும் குழந்தையின் முதுகைத் தடவுவதுபோல் தடவிக்கொண்டே வந்தாள்.

உள்ளறைக் கதவு காற்றில் மெல்லத் திறந்தது. தம்பி முதுகால் அதைத் தள்ளி மூடி, அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.