சாக்ஸோடு துவைத்த சட்டை

வளர்ப்புமீன் கடைக்காரர் ஃபில்டர் சாக்ஸை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைத்த வாரத்தில், அந்த வீட்டில் யாரும் தன் பேச்சைத் தான் பேசவில்லை. சாக்ஸ் என்றால் காலில் போடுவதல்ல. மீன்தொட்டித் தண்ணீர் வடிந்து இறங்கும் வெள்ளைத் துணிப்பை. கழிவும் மிச்சத் தீனியும் அதில் தங்கும். அழுக்கேறினால் உள்பக்கத்தை வெளியே புரட்டி, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி, ப்ளீச்சிங் தண்ணீரில் ஊறப்போட்டு, வாடை போக அலசி, வெயிலில் காயவைத்தால் மறுபடி மாட்டலாம். சோப்பு மட்டும் ஆகாது, மீன் செத்துப்போகும். புதிது வாங்கலாமே என்றால் கடைக்காரர் காது கேட்காதவராகிவிடுவார். அந்த வாரம் அவருக்கு முதுகுப் பிடிப்பு. குனிந்து பீய்ச்ச முடியாமல் சாக்ஸை வாஷிங் மெஷினில் போட்டவர், நாலு துணிப்பைக்காக ஒரு மெஷினை ஓட்டுவதா என்று மனசு கேட்காமல், கூடையில் கிடந்த துணிமணியையும் சோப்பில்லாமல் உள்ளே திணித்தார்.

துணி சுத்தமாகத்தான் வந்தது. தொட்டிக்கு முன்னால் நின்று ஆட்கள் பேசுவதெல்லாம் கழிவோடு கழிவாக சாக்ஸில் தங்கி, வாராவாரம் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. இந்த முறை அது துணியில் ஏறி, உடுத்தியவர் வாய்வழியே வெளியே வந்தது. வங்கியில் வேலை பார்க்கும் மகள், கடன் கேட்டு வந்தவரிடம் வட்டியைச் சொல்ல வாய் திறந்து, “ஜோடியாத்தான் குடுப்பீங்களா, தனியாத் தரமாட்டீங்களா?” என்றாள். வந்தவர் பக்கத்திலிருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கடைக்காரரின் மனைவி போனில் தன் அக்காவை நலம் விசாரிக்கப்போய், வால் கிழிந்திருக்கிறது, பார்த்துக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். அக்கா போனை வைத்துவிட்டார். டாக்டர் மூவரின் தொண்டையிலும் விளக்கடித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். எது தன் வார்த்தை, எது வந்தேறிய வார்த்தை என்று புரியாமல் மூவரும் சைகையில் சாப்பிட்டார்கள்.

வியாழக்கிழமை, கிளினிக்கில் வைக்க மீன் வாங்க வந்த பல் டாக்டரிடம் கடைக்காரர் பேரத்தின் உச்சியில் இருந்தார். போட்டிருந்தது அந்தத் துவையலில் வந்த நீலச் சட்டை. கடைசி விலையைச் சொல்ல வாய் திறந்தார்.

“ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிடலாம்னு இருக்கேன். திரும்பி வர்றதா இல்ல. ஊர்ல இருக்கிறவங்ககிட்ட எல்லாம் மணிக்கணக்கா பேரம் பேசறார். எங்கிட்ட பேச அவருக்கு ஒரு வார்த்த கிடையாது.”

பல் டாக்டர் பதறிப்போய், சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றார். கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருக்கு அக்காவே கிடையாது. பின்னால் தீனி டப்பா விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. அந்தம்மா தொட்டி மீனிடம் மட்டும் சொல்லிவைத்திருந்த பேச்சு அது; சாக்ஸோடு துவைத்ததில் சட்டையில் ஏறியிருக்கிறது.

வெளியே வந்துவிட்ட ரகசியத்துக்கு ஞாயிற்றுக்கிழமை எதற்கு என்று அந்தம்மா கடையை ஒட்டிய வீட்டுக்குள் போய் உடனே பெட்டியோடு வந்துவிட்டார். கடைக்காரர் வாசலை மறித்தார்.

“போகாதே.”

“இது எந்தக் கஸ்டமர் சொன்னது?”

நியாயமான கேள்விதான், தொட்டியைத் தட்டப்போகும் பிள்ளைகளிடம் எல்லா அம்மாக்களும் சொல்வது ‘போகாதே’தான். அவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி சொன்னார். அந்தம்மா கீழே பார்த்தார்.

“பேன்ட்டும் அதே துவையல்தான்.”

கடைக்காரர் உள்ளே போய், புதுத் தொட்டிகளைச் சுற்றி அனுப்பும் பிளாஸ்டிக் தாளை உடம்பில் சுற்றிக்கொண்டு வந்தார். துவையல் தண்ணீர் படாத தாள். சரசரவென்று வந்து நின்று வாயைத் துடைத்துக்கொண்டார். இத்தனை நாள் யார் யாருடைய பேச்சோ பேசிய வாய்.

“போகாதே. உங்கிட்ட என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியல. ஆனா பேசறேன்.”

“தினமுமா?”

“தினமும். கடைய மூடிட்டு.”

“தூங்கி வழிஞ்சுகிட்டா? கடை நேரத்துல. ஒரு மணி நேரம்.”

“கடை நேரத்துலயா? அரை மணி.”

“பெட்டி கையிலதான் இருக்கு.”

முக்கால் மணிக்குப் படிந்தது. பெட்டியை உள்ளே கொண்டுபோனது பல் டாக்டர்.

அதன்பிறகு அந்த வீட்டில் முக்கியமான எதையும் பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டுதான் பேசினார்கள். கொஞ்ச நாளில் தெருவும் அப்படியே ஆனது. கடையில் மீனைவிடத் தாள் அதிகமாக விற்றது. மகளைப் பெண்பார்க்க வந்தபோது அவள் சரசரவென்று வந்து நின்று, பிடித்திருக்கிறது என்றாள். மாப்பிள்ளை தனக்கும் ஒரு தாள் கேட்டு வாங்கிச் சுற்றிக்கொண்டார்.