வெறுங்காலோடு நின்ற பெண் யாருடைய அம்மா

கார்டிஃபில் சட்டப் படிப்பை முடித்த பிறகும் நெரிஸும் லௌரியும் கத்தேஸ் பகுதியில் அதே வாடகை வீட்டில்தான் இருந்தார்கள். நெரிஸ் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் நாள் முழுக்க ஃபோனில் திட்டு வாங்கும் வேலை பார்த்தாள். லௌரி வேலை எதற்கும் போகவில்லை. பெனார்த்தில் அவளுடைய அப்பா பல் மருத்துவர், அவர் பார்த்துக்கொண்டார்.

இருவருக்கும் சொலிசிட்டராக, அதாவது கட்சிக்காரர்களுக்கு நேரடியாக ஆலோசனை சொல்லும் வக்கீலாக வேண்டும். அதற்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி, தகுதித் தேர்வின் இரண்டு கட்டங்கள். பெரிய நிறுவனம் ஒன்றில் பயிற்சி இடம் கிடைத்தால் தேர்வு வகுப்புகளையும் அவர்களே ஏற்பாடு செய்துவிடுவார்கள். கிடைக்காவிட்டால் ஒரு சட்ட உதவி மையத்தில் சேர்ந்து அந்த வேலையையே பயிற்சியாகக் காட்டி, மாலையில் இணைய வகுப்பில் படித்து மெதுவாக ஏறவேண்டும். நெரிஸ் இரண்டு வழிகளையும் யோசித்து வைத்திருந்தாள். லௌரி முதல் வழியை மட்டும்தான் யோசித்தாள்.

மாலையில் சமையலறையில் ஒருத்தி கேள்வி கேட்க, மற்றவள் பதில் சொல்லிப் பழகுவாள்.

"நீங்க ஏன் சொலிசிட்டர் ஆக ஆசைப்படறீங்க?" என்று நெரிஸ் குரலைக் கனமாக்கிக்கொண்டு கேட்டாள்.

"எங்கப்பா சொன்னாரு. ஊர்ப் பல்லையெல்லாம் என்னால பார்க்க முடியாதுன்னேன். அப்போ வக்கீலாப் போன்னாரு."

"இதையே அங்க சொல்லு. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புவாங்க."

"சிரிக்காதடி. நிஜமாவே என்கிட்ட ஒண்ணும் இல்ல. சரி, நீ என்ன சொல்வ? விண்ணப்பத்துல எழுதினது வேணாம். உண்மையைச் சொல்லு."

நெரிஸ் அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்று சொன்னாள்.

அவளுடைய அம்மா மைர், ட்ரெஹெர்பர்ட்டில் பள்ளிச் சமையலறையில் வேலை செய்கிறவள். நெரிஸுக்குப் பதினாலு வயதிருக்கும்போது, படுக்கையறைச் சுவரெல்லாம் கரும்பூஞ்சை ஏறுகிறது என்று மைர் வீட்டுக்காரரிடம் புகார் சொன்னாள். அவர் சுவரைச் சரிசெய்யவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லி அறிவிப்பு அனுப்பி வழக்குப் போட்டார். தெருவில் ஒருவருக்கும் இது தெரியக்கூடாது என்று மைர் பிடிவாதமாக இருந்தாள். வழக்கு நாளன்று பல்வலி என்று பள்ளியில் விடுப்புச் சொல்லிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போண்டிப்ரித் நீதிமன்றத்துக்குப் போனாள். படியேறும்போது ஒரு செருப்பின் குதிகால் முறிந்தது. நொண்டிக்கொண்டு போவதைவிட இது மேல் என்று இரண்டையும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நின்றாள்.

அங்கே நடைவழியில் ஒரு பெண் நின்றபடியே ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். வக்கீல் வைக்க முடியாதவர்களுக்காக அன்றைக்கு வந்திருந்த சொலிசிட்டர். "உங்களுக்காக யாரும்மா பேசறாங்க?" என்று கேட்டாள். யாருமில்லை என்றதும் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். "நீங்க குடுத்த முன்பணத்தை அந்த ஆளு முறைப்படி பதிவு பண்ணினாரா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவர் பண்ணவில்லை. அப்படிச் செய்யாதவர் அனுப்பிய அறிவிப்பு செல்லாது. உள்ளே போன கொஞ்ச நேரத்திலேயே வழக்கு தள்ளுபடியானது. மைர் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, அழுக்குப் பாதங்களைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

"அந்தக் கேள்வி எங்களுக்குத் தெரியாது. அது தெரிஞ்ச ஆளா நான் ஆகணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்," என்றாள் நெரிஸ்.

லௌரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதைத்தான்டி நீ சொல்லணும்!"

"யோசிக்கணும். அம்மாவுக்கு இது பெரிய அவமானம். நீ யார்கிட்டயும் மூச்சு விட்டுடாத."

"சீ, நான் போய் சொல்வேனா?"

வளைகுடாவைப் பார்த்த கண்ணாடிக் கட்டடத்தில் இருந்த ஒரு நிறுவனம் இருவரையும் ஒரே நாளில் நேர்காணலுக்கு அழைத்தது. லௌரிக்குக் காலையில், நெரிஸுக்கு மதியத்துக்கு மேல். இடையில் இருவரும் கரையோரக் காபிக் கடை ஒன்றில் சந்தித்தார்கள். லௌரி கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எப்படிப் போச்சு?"

"பரவாயில்ல. இங்க பாரு, சொந்தக் கதையெல்லாம் எடுத்து விடாத. அவங்களுக்கு அது பிடிக்கல. சட்டம், வியாபாரம்னு சுருக்கமாப் பேசிட்டு வந்துடு."

நெரிஸுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அம்மாவின் பேச்சை எடுக்கவேண்டியதில்லை என்று நிம்மதியாகவும் இருந்தது. ஆனால் நேர்காணல் செய்த பங்குதாரர் மெரிடித் விடவில்லை. ஏன் இந்தத் தொழில் என்று கேட்டார். அவள் பழகி வைத்ததைச் சொன்னாள்.

"இதை எல்லாரும் சொல்றாங்க. உங்களை இங்க கொண்டுவந்தது எது?"

அவள் மறுபடி சுற்றி வளைத்தாள். அவர் மறுபடி கேட்டார். வேறு வழியில்லாமல் அவள் அம்மாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். செருப்பைக் கழற்றிய இடத்துக்கு வரும்போது மெரிடித் பேனாவைக் கீழே வைத்தார். அவரோடு சேர்ந்து நேர்காணல் செய்துகொண்டிருந்த பெண்மணி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"வெறுங்காலோட?" என்றார் மெரிடித்.

"ஆமா சார்."

"இன்னிக்குக் காலையிலயும் ஒருத்தங்க அம்மா வெறுங்காலோடதான் நின்னாங்க. இதே போண்டிப்ரித்ல."

முதலில் நெரிஸுக்குப் புரியவில்லை. பிறகு காபிக் கடையில் லௌரி கோட்டைக்கூடக் கழற்றாமல், சொந்தக் கதை வேண்டாம் என்று சொன்னது நினைவுக்கு வந்தது.

"அது எங்கம்மா," என்றாள்.

"அவங்களும் அப்படித்தான் சொன்னாங்க," என்றாள் அந்தப் பெண்மணி. குரலில் கோபம் இல்லை. ஒரு பொய்க்காரியிடம் பேசும் பொறுமை இருந்தது. மிச்ச நேரம் என்ன கேட்டார்கள், என்ன சொன்னாள் என்பது நெரிஸுக்குப் பிறகு நினைவில் இல்லை.

மறுவாரம் லௌரிக்கு இடம் கிடைத்தது. நெரிஸுக்கு இல்லை. நேர்காணலிலிருந்து வந்த நாள் முதல் லௌரி பெற்றோர் வீட்டிலேயே இருந்தாள். துணிமணி எடுக்க வந்தபோது அவளை நெரிஸ் சமையலறையில் நிறுத்தினாள்.

"ஏன்டி?"

லௌரி மறுக்கவில்லை. "அவரு விடாம கேட்டுட்டே இருந்தாரு. வாயில வந்துடுச்சு."

"செருப்பு கூட வாயில வந்துடுச்சா?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? பல்லு டாக்டர் பொண்ணு, கஷ்டமே பட்டதில்லன்னா? எல்லாருக்கும் இப்ப ஒரு கஷ்டக்கதை வேண்டியிருக்கு. உனக்கு இருக்கு. எனக்கு இல்ல."

"அதனால என்னோடதை எடுத்துக்கிட்டியா?"

"உன்னைச் சொல்லாதன்னு எச்சரிச்சேன் இல்ல? நீ சொல்லாம இருந்திருந்தா உனக்கு ஒரு நஷ்டமும் இல்ல. நீ கெட்டிக்காரி, வேற இடத்துல கிடைச்சிடும்."

திருடியதைக் கூட நெரிஸ் எப்படியோ தாங்கிக்கொண்டிருப்பாள். காபிக் கடையில் எதிரே உட்கார்ந்து, அக்கறைபோல் பேசி, வாயைக் கட்டப் பார்த்தாளே, அதுதான் தாங்கவில்லை. "அவங்களைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லு," என்றாள். லௌரி பையை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை நெரிஸ் ரயிலேறி ட்ரெஹெர்பர்ட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மைர் உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தவில்லை.

"அவகிட்ட நீ ஏன் சொன்ன?"

"சிநேகிதின்னு நினைச்சேன்மா."

"நான் என் கூடப்பிறந்தவகிட்டயே சொல்லல, கண்ணு. பன்னெண்டு வருஷமா பக்கத்து வீட்டுல டீ குடிக்கிறேன், அவளுக்கும் தெரியாது. இப்ப கார்டிஃப்ல கோட்டு போட்டவன்லாம் என் காலைப் பத்திப் பேசறான்." கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள். "அந்தப் பொண்ணு என்னை நல்லவளாவாவது சொன்னாளா?"

நெரிஸ் கத்தியை எடுத்து மிச்சக் கிழங்கைச் சீவத் தொடங்கினாள். அம்மா அதன்பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. இரவு தன் அறைக் கதவை அவள் சாத்திக்கொண்ட விதத்தில், லௌரி தனக்குச் செய்ததைத் தானும் அம்மாவுக்குச் செய்துவிட்டோமோ என்று நெரிஸுக்கு உறுத்தியது.

திங்கட்கிழமை மைர் மகளிடம் சொல்லாமல் கார்டிஃபுக்கு வந்தாள். கண்ணாடிக் கட்டடத்து வரவேற்பு மேசையின் முன் நின்று, "போண்டிப்ரித் நீதிமன்றத்துல வெறுங்காலோட நின்னது நான்தான். உங்ககிட்ட வந்த ரெண்டு பொண்ணுல எது என் பொண்ணுன்னு சொல்ல வந்திருக்கேன்," என்றாள். யாருக்கும் புரியவில்லை. உட்காரச் சொன்னார்கள். நின்றபடியே இருந்தாள். கடைசியில் மெரிடித் இறங்கி வந்தார்.

அன்று மாலை மைர் ஃபோனில் இதைச் சொல்லும்போது நெரிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ அம்மா! அவரு என்ன சொன்னாரு?"

"டீ வாங்கிக் குடுத்தாரு. தண்ணி மாதிரி இருந்துச்சு. எந்த ஜட்ஜு, வழக்கு ஏன் தள்ளுபடியாச்சுன்னு கேட்டாரு. சொன்னேன். எல்லாத்தையும் எழுதிக்கிட்டாரு."

லௌரியைக் கூப்பிட்டு அதே கேள்விகளைக் கேட்டார்கள். வழக்கு எதனால் தள்ளுபடியானது என்பது அவளுக்கு நினைவில்லை. செருப்பும் கண்ணீரும்தான் அவளுக்கு வேண்டியிருந்தன, முன்பண விஷயத்தை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கொடுத்த இடத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

மெரிடித் நெரிஸை அழைத்து மன்னிப்புக் கேட்டார். ஆனால் அந்த இடம் வரிசையில் அடுத்து இருந்தவருக்குப் போய்விட்டதாம். "அடுத்த வருஷம் கட்டாயம் விண்ணப்பிங்க," என்றார். அவள் நன்றி சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள். அங்கே மறுபடி போகவில்லை. தன்னைப் பொய்க்காரியாகப் பார்த்த அந்த அறையில் இன்னொரு முறை உட்கார அவளுக்கு மனமில்லை.

இலையுதிர்காலத்தில் ஒரு சட்ட உதவி மையத்தில் சேர்ந்தாள். அங்கேயும் ஏன் இந்தத் தொழில் என்று கேட்டார்கள். சொல்ல வாயெடுத்தபோது, சொந்த அம்மாவின் கதையே யாரோ போட்டுக் கழற்றிய சட்டைபோல இருந்தது. "வேலை கத்துக்கணும்," என்று மட்டும் சொன்னாள். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. பகலில் வேலை, மாலையில் வகுப்பு, ரயிலில் தூக்கம் என்று ஓடியது. அம்மா கொஞ்ச நாள் முகம்கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு பழையபடி ஆனாள்.

தகுதித் தேர்வின் முதல் கட்டத்துக்காக நெரிஸ் தேர்வு மையத்துக்குப் போனபோது, அடையாள அட்டை காட்டும் வரிசையில் லௌரி நின்றுகொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். இவளைப் பார்த்ததும் வரிசையை விட்டு வந்தாள்.

"நெரிஸ், உனக்கு எவ்வளவோ தடவை எழுதி எழுதி அழிச்சேன்டி. எப்படி இருக்க?"

முன்பு எப்போதும் கேட்கிற அதே குரல். அந்தக் குரலைத்தான் நெரிஸ் ஒரு காலத்தில் நம்பியிருந்தாள். ஒரு கணம் பதில் சொல்லவும் தோன்றியது.

"உள்ள கூப்பிடறாங்க," என்றாள் நெரிஸ். அட்டையைக் காட்டிவிட்டுத் தனக்கு ஒதுக்கிய கணினியின் முன் போய் உட்கார்ந்து, முதல் கேள்வியை இரண்டு முறை படித்தாள்.